பின்வாசல் மொழிபெயர்ப்பு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் முழுக்க நான் வெள்ளைக்காரர்களுக்குக் கோயம்புத்தூரைச் சுற்றிக் காட்டினேன். ஒரு தடவைக்கு நாலைந்து பேர், மிஞ்சிப்போனால் ஆறு பேர். அவர்களை நடக்க வைக்க வேண்டும், சாப்பிட வைக்க வேண்டும், நடந்த இடத்தையும் சாப்பிட்ட பொருளையும் இங்கிலீஷில் விளக்க வேண்டும். கேட்பவர்களுக்கு நல்ல வேலையாகத்தான் தோன்றும். எனக்கு அந்த வருடத்தை நினைத்தாலே கொட்டாவி வருகிறது.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் ரயில் டிக்கெட், பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சின்ன டிராவல்ஸ் ஆபீஸ் அது. மில்களுக்குப் புது மெஷின் மாட்ட வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து ஓட்டலில் மாதக்கணக்கில் தங்குவார்கள். சிலர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஊட்டியைப் பார்த்து முடித்தபின் அவர்களுக்கு ஊரில் பொழுது போகாது. இதைக் கவனித்த எங்கள் முதலாளி மூன்று நாள் திட்டம் ஒன்று போட்டார். முதல் நாள் உக்கடம். குளத்துக் கரையில் நடந்து பறவை பார்த்துவிட்டு, கடைவீதியில் வறுத்த மீனும் பரோட்டாவும். இரண்டாம் நாள் ஆழியாறு பக்கம் மலையடிவாரத்தில் காலை முழுக்க நடை. மூன்றாம் நாளுக்கு என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது இங்கிலீஷை நம்பித்தான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி விடுதியில் ஆறாம் வகுப்பிலிருந்து தங்கிப் படித்தவள். பி.ஏ. முடித்துவிட்டு டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டு விரல் தேய்ந்திருந்தது. "நல்லா நடப்பியாம்மா?" என்று முதலாளி கேட்டார். எங்கள் காலனியிலிருந்து பஸ் ஏறவே வாய்க்கால் மேட்டில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். நடப்பேன் சார் என்றேன்.

இரண்டு மாதம் போனபின் ஒரு நாள் அவர், "இவங்க எல்லாரும் வீட்டுச் சாப்பாடு, தோட்டத்து வீடுன்னு கேக்கறாங்க. உனக்குத் தெரிஞ்ச தோட்டம் ஏதாச்சும் இருக்கா?" என்றார். வாயைத் திறக்கும் முன் நான் யோசித்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த தோட்டம் ஒன்றே ஒன்று. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பும் தக்காளிக் காடுமாக இருக்கும், என் அம்மா கூலிக்குப் போகிற தோட்டம். சின்ன வயதில் லீவு விட்டால் அம்மாவோடு போய்க் களை பறித்திருக்கிறேன். இருக்குங்க சார் என்று சொல்லிவிட்டேன். வேலையில் நிலைத்துவிட வேண்டுமென்ற அவசரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தக் கேட்டுக்குள் ஒரு தடவையாவது வேனில் போய் இறங்க வேண்டுமென்று ஓர் அற்ப ஆசை. அதையும் மறைப்பானேன்.

தோட்டத்தம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். வாசலில் நின்றுதான் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"வெளிநாட்டுக்காரங்க நம்ம சாளைக்கு வந்து சாப்பிடறாங்கன்னா நமக்குப் பெருமைதானே. கூட்டியா கண்ணு. சந்தகை பிழிஞ்சு போடறேன். அவங்க கண்ணு முன்னாடியே பிழிஞ்சு காட்டறேன்."

தோட்டத்து வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். நான் கிளம்பும்போது அவர் இன்னொன்றையும் சொன்னார்.

"நீ அப்படியே பின்னால வந்து நின்னுக்க கண்ணு. அங்கிருந்து சொன்னாலும் அவங்களுக்குக் கேக்குமல்ல?"

கேக்குங்க என்றேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வா என்று சொல்வதைப் போலத்தான் அதைச் சொன்னார். அவர் குரலில் கடுப்பு துளியும் கிடையாது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்புவார், பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குப் பாதி அலுப்பு குறைந்திருக்கும்.

ஆக, மூன்றாம் நாள் இப்படி அமைந்தது. தோட்டத்துக் கேட்டுக்குள் வேனை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பி வருவோம். வெள்ளைக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து அந்தக் கனமான பூட்ஸுகளைக் கழற்றுவார்கள். கயிறு அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆகும். பிறகு முன்வாசல் வழியாக ஆசாரம் என்கிற கூடத்தைக் கடந்து அடுக்களைக்குள் போவார்கள். நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலில் நிற்பேன். தோட்டத்தம்மா ஆவி பறக்கும் மாவு உருண்டையை மூன்று காலில் நிற்கும் இரும்பு அச்சுக்குள் போட்டுப் பிடியைத் திருகுவார். வெள்ளையாக நூல் நூலாகச் சந்தகை இறங்கும். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் நிலைப்படிக்கு வெளியிலிருந்து இங்கிலீஷில் சொல்வேன். புழுங்கலரிசியை எவ்வளவு நேரம் ஊற வைப்பது, தேங்காய்ப்பாலை எப்போது இறக்குவது, எல்லாம். அடுக்களைக்குள் என் குரல் போகும், கால் போகாது.

ஒரு தடவை ஓர் அம்மாள், நீ ஏன் உள்ளே வரமாட்டேன் என்கிறாய், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடேன் என்று கேட்டார். வழிகாட்டி கடைசியில் சாப்பிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம், விருந்தாளிக்குத் தருகிற மரியாதை என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். எத்தனை நோட்டுகளில் ஏறி எந்தெந்த ஊருக்கு அது போயிருக்கிறதோ!

இது பழகிவிட்டது. பழகாதது இன்னொன்று.

முதல் குழுவோடு போன அன்று பின்வாசலுக்குச் சுற்றி வரும்போது அம்மா மாட்டுச்சாளையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நான் வரப்போவது அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். எனக்குப் பின்னாலேயே இரண்டு வெள்ளைக்காரர்கள் மாட்டைப் படமெடுக்க வந்துவிட்டார்கள். இவர்தான் என் அம்மா என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட வேண்டாம். என் வாயிலிருந்து வந்தது அந்த மாட்டின் ஜாதி, கொம்பு, உழவுக்கு எப்படி என்ற விவரம். அம்மா குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லாமல் விட்டபின் அடுத்த வாரம் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. வேன் டிரைவருக்கு என்ன தோன்றும், முதலாளி காதுக்குப் போனால் என்ன சொல்வார் என்று எனக்கு நானே காரணங்கள் தேடிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், நாலு பேர் மதிக்க வேனிலிருந்து இறங்குகிற என்னையும் சாணிக்கூடையையும் ஒரே பார்வையில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று நினைத்தேன். வெட்கப்பட்டேன். பெற்றவளை நினைத்து வெட்கப்பட்டேன்.

வாரம் ஒரு தடவை இது நடந்தது. விருந்தாளிகள் சாப்பிட்டுத் தோப்பில் கட்டிலில் சாய்ந்தபின், நான் மாட்டுச்சாளைக்குப் பின்னால் போய் அம்மாவோடு உட்காருவேன். தோட்டத்தம்மா வாழையிலையில் சந்தகை கொடுத்தனுப்புவார். கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்த எங்கள் டம்ளரில் தேங்காய்ப்பால் வாங்கிக்கொள்வோம். அம்மா தன் பங்கிலிருந்து பாதியை என் இலையில் தள்ளுவாள். நான் அவளை யாரிடமும் காட்டிக்கொள்ளாததைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. முதல் வாரம் மட்டும், "நல்லாப் பேசற கண்ணு. படபடன்னு வருது" என்றாள். அவ்வளவுதான்.

மாதங்கள் போயின. வெயிலில் நடக்க முடியாமல் ஒருவர் வாய்க்கால் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருவருக்கு உக்கடத்து மீன் ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாளும் வேனை நிறுத்தி நிறுத்திப் போனோம். மழைக் காலத்தில் அடிவாரத்தில் அட்டை கடித்துக் கத்தினார்கள். ஆடிக் காற்றில் கிணத்துக்கடவுப் பக்கம் நின்று பேசவே முடியாது, வாயெல்லாம் மண். எல்லாவற்றுக்கும் சிரித்த முகத்தோடு நான். ஒரே நகைச்சுவையை ஒரே திருப்பத்தில் சொல்லி, ஒரே மாதிரி அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு என் குரலே பிடிக்காமல் போயிற்று. காந்திபுரத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதி அறைக்குத் திரும்பினால் கூட இருக்கும் பெண்களோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அம்மாவை நிறையப் பேர் படம் எடுத்தார்கள். காதில் தண்டட்டி இல்லை, கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறுதான், ஆனாலும் அவள் முகம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஒருவர் அவள் கைகளை மட்டும் எடுத்தார். எடுக்கலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்லும்படி என்னிடம் கேட்பார்கள். நான் கேட்பேன். "எடுத்துக்கட்டுங்க" என்பாள் அம்மா, என்னைப் பார்த்து, ஆபீசரிடம் சொல்வதைப் போல. அவளாகவே எனக்குக் கொடுத்த மரியாதை அது.

வருடம் முடியப்போகும் சமயத்தில் ஒரு குழுவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். ஏதோ குளிர் நாடு. அறுபது வயதுக்கு மேல், ஆனாலும் முதல் ஆளாக நடந்தார். போகிற இடத்திலெல்லாம் வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். அன்று சாப்பாடு முடிந்து எல்லாரும் தோப்புக்குப் போக, அவர் மட்டும் நேராகக் களத்துக்கு வந்தார். அம்மா தக்காளியைத் தரம் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தக்காளியைக் கையில் எடுத்துக்கொண்டார். மொழிபெயர்க்க என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

வயது கேட்டார். எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பதில்களையே நான் அம்மாவிடம் கேட்டு வாங்கி இங்கிலீஷில் கொடுத்தேன். அப்புறம் அவர் கேட்டார், குழந்தைகள் எத்தனை என்று.

நான் குனிந்து, கீழே உருண்ட தக்காளி ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டேன். அவருக்கு நான் கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். இன்னொரு தடவை, மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைங்கன்னு கேக்கறாங்க" என்றேன்.

அம்மா தக்காளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பசங்கன்னு சொல்லுங்க."

இரண்டு பையன்கள் என்று நான் சொன்னேன். பெண் குழந்தை இல்லையா என்றார் டீச்சர், நிஜமான வருத்தத்தோடு.

"பொண்ணு இல்லையான்னு கேக்கறாங்க."

"இல்லீங்க" என்றாள் அம்மா.

அதையும் மொழிபெயர்த்தேன். டீச்சர் அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார். அன்று நான் மாட்டுச்சாளைக்குப் பின்னால் சாப்பிடப் போகவில்லை. வேனில் திரும்பும்போது எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வீட்டுக்குப் போனேன். அண்ணன் மில் ஷிப்டுக்குப் போயிருந்தான், தம்பி எங்கோ விளையாடப் போய்விட்டான். அம்மா வாசலில் உட்கார்ந்து துவரையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். என் மேல் இருக்க வேண்டிய கோபம் முழுவதையும் நான் அவள் மேல் கொட்டினேன்.

"என்னையப் பெக்கவே இல்லையா நீ? பொண்ணே இல்லீங்கன்னு வாய் கூசாமச் சொல்லிப்போட்டயே. அதையும் நானே சொல்லணுமா அவங்ககிட்ட?"

"நீ சொல்லி இருந்தீன்னா நான் ஏன் கண்ணு மறைக்கறேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. துவரையை இன்னும் இரண்டு தடவை புடைத்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"அது மட்டுமில்ல. நீ அவங்களோட ஒரே வண்டியில, ஒரே சீட்டுல குந்திட்டு வர்ற. அவங்க பாட்டில்ல இருந்து தண்ணி குடிக்கற. நான் பாத்துட்டுத்தானே இருக்கறேன். என்ற புள்ளைன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அவங்களும் உன்னையத் தள்ளி நிக்கச் சொல்லிப்போடுவாங்க. அந்த ஊட்டுப் பின்வாசல்ல உன்ற முதுகப் பாத்துப் பாத்தே எனக்கு ஒரு வருசம் போயிருச்சு. வண்டியிலயும் அப்படி ஆகோணுமா?"

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவங்க ஊரில் அதெல்லாம் கிடையாதும்மா, அவங்களுக்கு அது என்னவென்றே தெரியாது என்று விளக்கினேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்பாவியைப் பார்ப்பது மாதிரி.

"எல்லா ஊர்லயும் இருக்கும். உனக்குத் தெரியாது. வெசனப்படாத, நான் சொல்லமாட்டேன்."

என்னால் அதற்குமேல் சிரிக்க முடியவில்லை. ஒரு வருடமாக நான் எனக்காக மறைத்தேன். அவளும் எனக்காகத்தான் மறைத்திருக்கிறாள்.

அதற்கப்புறம் நாங்கள் ஒரே ஒரு தடவைதான் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலாளிக்கு ஊட்டி பேக்கேஜில் கை நிறைய வேலை வந்துவிட்டது, நடை சமாச்சாரத்தையே மூடிவிட்டார். கடைசிக் குழுவில் நாலு பேர். ஒரு கணவன் மனைவி, அவர்களுடைய நண்பர்கள் இருவர். விசேஷமாக எதையும் கேட்கிற ஆட்கள் இல்லை. நல்ல பசியோடு சாப்பிட்டார்கள். நான் பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் வழக்கம்போலச் சொன்னேன், தேங்காய்ப்பால் எப்போது இறக்குவது என்பது வரை.

அவர்கள் முன்வாசலில் வந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போது நான் மாட்டுச்சாளைக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "கை ஈரம், விடு கண்ணு, தவிடு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர்களுக்கு எதிரே அவளை நிறுத்திவிட்டு நான் பேசினேன். ஒரு வருடம் படபடவென்று பேசிய இங்கிலீஷ் அன்று திக்கியது. இவர் என் அம்மா. இந்தத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியில்தான் நான் பிறந்தேன். எங்களை இந்த வீட்டுக்குள் விடமாட்டார்கள். நான் பின்வாசலில் நிற்பது அதனால்தான். வழக்கம், மரியாதை என்று இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் நான் சொன்னது பொய்.

ஓ என்றார் ஒருவர். கணவன் பூட்ஸ் கயிற்றைப் பாதி கட்டிய நிலையில் நிமிர்ந்து பார்த்தார். மனைவி எழுந்து வந்து அம்மாவின் தவிட்டுக் கையை இரண்டு கையாலும் பிடித்து, உங்கள் மகள் நன்றாகப் பேசுகிறாள் என்றார். நண்பர்களில் ஒருவர் தான் உட்கார்ந்திருந்த கல்லில் நகர்ந்து அம்மாவுக்கு இடம் விட்டார். இன்னொருவர் கொசுவை அடித்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பெரிய மனசுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ விமானம் ஏறப்போகிறவர்களுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை.

தோட்டத்தம்மா வாசல்படியில் நின்று சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு சொல்ற அவங்ககிட்ட?" என்றார்.

"எங்கம்மான்னு சொன்னேங்க."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஆச்சரியம். "ஏன் புள்ள, இத்தன நாளா அதைச் சொல்லவே இல்லையா நீ? நீ முதல் நாளே சொல்லியிருப்பீன்னு நெனச்சேன்" என்றார். எனக்கு நின்ற இடத்தில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அம்மா கல்லில் உட்காரவில்லை. தோட்டத்தம்மா நிற்கும்போது அவள் உட்காரமாட்டாள். அந்த வெள்ளைக்காரியிடமிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, நாலு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒருவரும் ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. வேனுக்கு நேரமாகிவிட்டதா என்று கணவன் என்னிடம் கேட்டார். குடிக்கச் சொல்லித் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார் மனைவி.

அம்மா என் காதருகே குனிந்தாள்.

"நீ செரியாச் சொல்லல கண்ணு. அவங்களுக்குப் புரியல."

"புரிஞ்சிருச்சும்மா."

"இல்ல. இன்னொருக்காச் சொல்லு."

நான் இன்னொரு தடவை சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப் போல. அவர்கள் மரியாதைக்காக மறுபடியும் கேட்டுக்கொண்டார்கள். நான் பேசி முடிக்கும் வரைக்கும் அம்மா அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.